பஞ்சும் அல்ல, தோலும் அல்ல

தமிழ்நாடு அரசு 2022இல் காலணித் தொழிலுக்கென்று தனியாக ஒரு கொள்கை வெளியிட்டது. அதற்குப் பிறகு ஒப்பந்தக் கையெழுத்து, அடிக்கல் நாட்டு விழா என்று வந்த செய்திகளில் ஒரு சொற்றொடர் திரும்பத் திரும்ப அடிபடுவதைப் பார்த்திருப்பீர்கள்: 'தோல் அல்லாத காலணிகள்'. பெரம்பலூர், பனப்பாக்கம், உளுந்தூர்பேட்டை, எங்கே பார்த்தாலும் தோல் அல்லாத காலணி. சரி, தோல் இல்லை. அப்புறம் அது என்னதான்? இத்தனை கோடி முதலீடு, இத்தனை ஆயிரம் பெண்களுக்கு வேலை என்று எண்களை அடுக்குகிற செய்தி, பொருளின் பெயரை மட்டும் சொல்லாது. பசுமாட்டை 'யானை அல்லாத விலங்கு' என்று ஒருவர் அறிமுகம் செய்தால் சிரிப்போம். இதற்கு யாரும் சிரிப்பதில்லை.

நான் பெருநகர்க்காரன். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகிற சாலையில், உத்திரமேரூர் வட்டத்தில் இருக்கிற ஊர். பக்கத்து மாவட்டத்துச் செய்யாறு சிப்காட்டில் நைக்கிக்குக் காலணி செய்து தரும் தைவான் குழுமத்தின் ஆலை ஏறக்குறைய 20 வருடமாக இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் 'ஷூ கம்பெனி' என்றால் போதும், விளக்கம் வேண்டாம். இருட்டு விலகுவதற்கு முன் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற பெண்களைப் பார்க்காமல் இந்தப் பக்கத்துச் சாலைகளில் நீங்கள் பயணம் செய்திருக்க முடியாது. களை பறித்துக் கிடைத்த கூலியையும், மாதம் பிறந்தால் வங்கியில் விழுகிற சம்பளத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த குடும்பங்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. அதனால் ஆலையே வேண்டாம் என்று எழுதுகிற சொகுசு எனக்கு இல்லை. எனக்கு வேண்டியது அந்தப் பெயர்.

காலணிக்குள் நைலான், பாலியெஸ்டர், ரப்பர், ஈ.வி.ஏ. என்று பல பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் வேடம் போடுவதில் கெட்டிக்காரப் பொருள் பாலியூரித்தேன். காலணியில் மேல்தோல் மாதிரி பளபளக்கும், அடிப்பாகமாக மிதிபடும், இரண்டையும் ஒட்டுகிற பசையாகவும் அதுவே இருக்கும். வீட்டுக்குள் வந்தால் மெத்தையிலும் சோபாவிலும் 'ஃபோம்', பாத்திரம் தேய்க்கையில் 'ஸ்பாஞ்ச்', தேக்குக் கதவின் மேல் 'பி.யு. பாலிஷ்'. ஃபிரிட்ஜில் அதற்குப் பெயரே கிடையாது. வெளித்தகட்டுக்கும் உள்பெட்டிக்கும் நடுவில் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கும். ஆன்லைன் கடையில் கைப்பையாக வந்தால் 'வீகன் லெதர்'. மெத்தைக் கடைக்காரர் "40 டென்சிட்டி சார், பத்து வருசம் அமுங்காது" என்பார். ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்கிற அந்த எண் வரைக்கும் வாங்குபவருக்குத் தெரிகிறது. எதனுடைய எண் என்பது தெரியாது.

லெக்கின்ஸை மறந்துவிட்டேன். 2015இல் ஒரு வார இதழ் லெக்கின்ஸ் ஆபாசமா என்று அட்டைப்படக் கட்டுரை போட்டு, ஊரே இரண்டு வாரம் சண்டை போட்டது ஞாபகம் இருக்கலாம். அந்தத் துணியை இழுத்தால் நீளவும் விட்டால் சுருங்கவும் வைப்பது அதில் சில சதவீதம் கலந்திருக்கும் எலாஸ்டேன் நூல். 1950களின் இறுதியில் டூபாண்ட் நிறுவனத்தின் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கியது, லைக்ரா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதுவும் பாலியூரித்தேன்தான். பெண்கள் அதை உடுத்தலாமா என்று இரண்டு வாரம் பேசினோம். அது என்ன என்று இரண்டு நிமிடம் யாரும் பேசவில்லை.

இந்தக் கட்டுரைக்கு எதிராளிகள் இரண்டு தரப்பு. பெயரை மறைத்து விற்பவர்கள் ஒரு தரப்பு. அவர்களைத் திட்டுவது சுலபம், கைதட்டலும் கிடைக்கும். இன்னொரு தரப்பு நாம். எழுதுகிற, படிக்கிற, சூழலியல் பதிவுகளைப் பகிர்கிற நாம். 'பிளாஸ்டிக்' என்ற ஒற்றைச் சொல்லை ஒரு வசவாக வைத்துக்கொண்டு அதற்கு மேல் தெரிந்துகொள்ள மறுக்கிறோம். நம்முடைய பயமெல்லாம் 'இந்த மெத்தையில் கெமிக்கல் இருக்கா?' என்ற கேள்வியோடு முடிந்துவிடுகிறது. என் தூக்கம், என் குழந்தை, என் நுரையீரல். அந்தக் கெமிக்கல் ஈரமாக இருந்தபோது பக்கத்தில் நின்றது யார் என்ற கேள்விக்கு நாம் போவதே இல்லை. பாலியூரித்தேன் விஷயத்தில் ஆபத்து கிட்டத்தட்ட முழுவதும் அந்த ஈரமான நேரத்தில்தான் இருக்கிறது. இதை விளக்க வேதியியலுக்குள் கொஞ்சம் போகவேண்டும். பயப்படாதீர்கள், மாவு ஆட்டத் தெரிந்தால் போதும்.

இரண்டு திரவங்கள். ஒன்றின் பெயர் பாலியால்: தேன் மாதிரி கெட்டியானது, பெரிய ஆபத்தில்லாதது. சென்னை மணலியில் 1986இல் தொடங்கப்பட்ட மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் இதைத் தயாரிக்கிறது. இன்னொன்று ஐசோசயனேட். டி.டி.ஐ., எம்.டி.ஐ. என்று இரண்டு வகை அதிகம் புழங்கும். மென்மையான மெத்தை நுரைக்குப் பெரும்பாலும் டி.டி.ஐ., ஃபிரிட்ஜ் சுவரின் கெட்டி நுரைக்கு எம்.டி.ஐ. ஐசோசயனேட் மூலக்கூறின் இரண்டு முனையிலும் எதையாவது பிடித்துக்கொள்ளத் துடிக்கிற கை ஒன்று இருக்கும். பாலியாலின் முனைகளில் அது பிடிக்கக்கூடிய பகுதி இருக்கும். கலந்ததும் கை கையைப் பிடித்துச் சங்கிலியாகி, வலையாகி, இறுகிவிடும். பிடிக்கிற அந்த முடிச்சுக்குத்தான் யூரித்தேன் என்று பெயர். (யூரித்தேன் என்று தனியாக ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. அதற்கும் இதைத் தயாரிப்பதற்கும் சம்பந்தம் இல்லை. எத்திலீனிலிருந்து பாலிஎத்திலீன் வருவதுபோல யூரித்தேனிலிருந்து பாலியூரித்தேன் வருவதில்லை. சொந்தப் பெயரிலும் ஒரு வேடம்.)

இந்தக் கலவையில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால்? ஐசோசயனேட்டின் கை தண்ணீரையும் பிடிக்கும். பிடித்ததும் கார்பன் டை ஆக்சைடு வாயு வெளியேறும். இறுகிக்கொண்டிருக்கிற வலைக்குள் வாயு குமிழி குமிழியாக மாட்டிக்கொள்ள, மொத்தமும் பொங்கி எழும். புளித்த மாவில் நடப்பதும் இந்த வாயுவின் வேலைதான். மெத்தை என்பது ஒரு மாபெரும் இட்லி. வெந்த இட்லியைத் திரும்ப மாவாக்க முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். மெழுகுவர்த்தி மாதிரி உருக்கி வேறு அச்சில் ஊற்றுகிற பிளாஸ்டிக் வேறு, இட்லி மாதிரி ஒரேயடியாக வெந்துவிடுகிற பிளாஸ்டிக் வேறு. பொறியியல் முதலாமாண்டுத் தேர்வில் 'தெர்மோபிளாஸ்டிக், தெர்மோசெட் வேறுபடுத்துக' என்று இரண்டு மதிப்பெண் கேள்வி வரும். எல்லோரும் எழுதி வாங்கிவிடுவோம். இட்லி என்று ஒரு வாத்தியாராவது சொன்னதில்லை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1930களில் அமெரிக்க டூபாண்ட் நிறுவனத்துக்காக வாலஸ் கரோதர்ஸ் நைலானைக் கண்டுபிடிக்க, அந்தக் காப்புரிமை வேலியைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் இழை செய்ய ஜெர்மானியர்கள் முயன்றார்கள். லெவர்குசெனில் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தில் ஓட்டோ பேயர் 1937இல் ஐசோசயனேட்டை வைத்து அதைச் செய்தார். (பேயர் என்பது தற்செயல். ஆஸ்பிரின் விற்ற கம்பெனியை நிறுவிய குடும்பத்துக்கும் அவருக்கும் உறவில்லை.) ஐ.ஜி. ஃபார்பன் பிறகு ஆஷ்விட்ஸ் முகாமுக்குப் பக்கத்திலேயே கைதிகளை வைத்து ஆலை கட்டிய நிறுவனம். ஐசோசயனேட் செய்யத் தேவைப்படுகிற பாஸ்ஜீன், முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளுக்குள் விடப்பட்ட வாயு. பாஸ்ஜீன் இல்லாமல் டி.டி.ஐ.யும் எம்.டி.ஐ.யும் செய்வது பெருந்தொழிலில் இன்றுவரை வழக்கமாகவில்லை. 1941 வாக்கில் ஒரு கலவையில் எதிர்பாராத விதமாக ஈரம் சேர்ந்து குமிழிகள் வந்துவிட்டன. ஓட்டை விழுந்த சீஸுக்குப் போலி செய்ய வேண்டுமானால் இது உதவும் என்று பரிசோதித்தவர் கிண்டல் செய்ததாக ஒரு கதை சொல்வார்கள். நம்மூர்க்காரர் யாராவது அங்கே இருந்திருந்தால் ஆப்பம் என்றிருப்பார். 1950களில் அந்த ஓட்டைப் பாலாடைக்கட்டி மெத்தையாக விற்பனைக்கு வந்தது.

ஐசோசயனேட்டும் தண்ணீரும் சேர்ந்தால் வாயுவும் சூடும் வரும். 1941இல் ஒரு ஆய்வகத்தில் அது நகைச்சுவையானது. 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு, போபால் யூனியன் கார்பைடு ஆலையின் 610ஆம் எண் தொட்டியில் 40 டன்னுக்கு மேல் மீத்தைல் ஐசோசயனேட் இருந்தது. அதற்குள் தண்ணீர் போனது. எப்படிப் போனது என்பதில் கம்பெனி ஒன்று சொல்கிறது, தொழிலாளர்கள் வேறொன்று சொல்கிறார்கள். போனது என்பதில் சண்டை இல்லை. மெத்தையைப் பொங்க வைக்கிற அதே அடிப்படை வினை, மூடிய இரும்புத் தொட்டிக்குள் நடந்தது. சூடு ஏறியது, அழுத்தம் ஏறியது, வால்வு திறந்துகொண்டது. அதற்கடுத்த கதை உங்களுக்குத் தெரியும்.

இதைப் படித்துவிட்டு 'மெத்தைக்குள் போபால் விஷம்' என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டுரைக்கு நான் பொறுப்பு, அந்த முட்டாள்தனத்துக்கு இல்லை. போபாலில் இருந்தது பூச்சிமருந்துக்கான மூலப்பொருள். அதற்கு ஒரே ஒரு கை, சங்கிலி கட்டாது. 39 டிகிரியில் கொதித்துவிடும், அதாவது நம்ம ஊர்ச் சித்திரை வெயிலே போதும். டி.டி.ஐ. 250 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும், எம்.டி.ஐ. இன்னும் மந்தம். எல்லாவற்றையும்விட முக்கியம்: கலந்து இறுகி முடிந்த நுரையில் ஐசோசயனேட் அநேகமாக மிச்சமிருக்காது. அதனால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

நீங்கள் தூங்கலாம் என்பதுதான் என் பிரச்சினை. இந்தப் பொருளின் சொகுசு முழுக்க வாங்குகிறவருக்கு, ஆபத்து முழுக்கச் செய்கிறவருக்கு என்று அவ்வளவு சுத்தமாகப் பங்கு பிரிந்திருக்கிறது. வேலையிடத்தில் வருகிற ஆஸ்துமாவுக்கு உலகம் முழுவதும் முன்வரிசைக் காரணங்களில் ஒன்று ஐசோசயனேட். அது வேலை செய்கிற விதம் கொடுமையானது. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஒன்றும் செய்யாது. ஒருநாள் உடம்பு அதை எதிரி என்று முடிவு செய்துவிடும். அதற்குப் பிறகு முன்பு தாங்கிய அளவில் சொற்பம் பட்டாலே மூச்சுக்குழாய் இறுகும். தொழிற்சாலைகள் சட்டத்தில் போபாலுக்குப் பிறகு, 1987இல், காற்றில் எந்த ரசாயனம் எவ்வளவு இருக்கலாம் என்று ஓர் அட்டவணை சேர்த்தார்கள். டி.டி.ஐ.க்கு அதில் 8 மணி நேர வரம்பு 0.005 பி.பி.எம். அதாவது 100 கோடிப் பங்கு காற்றில் 5 பங்கு. மனித மூக்குக்கு அதன் வாசனை தெரிவதற்கு இதைவிடப் பல மடங்கு வேண்டும். வாசனை வருகிறது என்றால் வரம்பு எப்போதோ தாண்டிவிட்டது.

எங்கள் ஊரில் இரண்டு வருடத்துக்கு முன் வீட்டு வேலை நடந்தபோது வாசக்கதவுக்கு பி.யு. பாலிஷ் அடிக்க ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், வந்தவாசிப் பக்கம். சீலர் அடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுநாள் இரண்டு டப்பாவைத் திறந்து ஒரு வாளியில் கலந்தார். பெரிய டப்பா பாலிஷ், சின்ன டப்பா ஹார்டனர். கம்ப்ரசரை ஓடவிட்டு, முகத்தில் ஈரக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கன்னைப் பிடித்தார். அரை மணிக்கு ஒருதரம் நிறுத்தி இருமினார்.

"அண்ணே, இருமல் ரொம்ப நாளா?"

"தூசு தம்பி. தேக்குத் தூசு ஒத்துக்கல. வெல்லம் ஒரு துண்டு வாயில போட்டுக்கினா எறங்கிடும்."

"ராத்திரியில வருமா?"

"ராத்திரிதான் ஜாஸ்தி. வேல இல்லன்னா வராது. நோம்பு நாளு, நாலஞ்சு நாளு வூட்ல இருந்தா சுத்தமா நின்னுபூடும். திரும்ப கன்ன புட்ச்சா வந்துடும்."

வேலைநாளில் வருவது, விடுமுறையில் நிற்பது, இரவில் கூடுவது. தொழில்சார் ஆஸ்துமாவைப் பற்றிய எந்தப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் இருக்கிற அடையாளம். அவர் பார்த்த டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தது அலர்ஜி மாத்திரை. என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை. ஹார்டனர் டப்பாவை எடுத்துப் பார்த்தேன். மிளகு அளவு எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும், சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு சிவப்புக் கட்டத்துக்குள் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மனித உருவம். காட்டினேன். "கம்பெனி மார்க்குன்னு இல்ல நெனச்சேன்" என்று சிரித்தார். படித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இத்த வுட்டுட்டு வேற எதுக்குப் போறது தம்பி, இந்த வயசுல?" என்றார். கதவில் பாதி அடித்திருந்தது. மீதியையும் அடித்துவிட்டுத்தான் போனார்.

கைக்குட்டை தூசைத் தடுக்கும். ஐசோசயனேட் புகையைத் தடுக்காது. இந்தக் கலவையை அடிக்கும்போது வெளியிலிருந்து குழாயில் சுத்தக் காற்று வருகிற முகமூடி போடவேண்டும் என்பது பல நாடுகளில் நடைமுறை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் முதல், பயிற்சி பெற்றதற்குச் சான்று இல்லாமல் தொழில்முறையில் யாரும் இதைத் தொடவே முடியாது. இங்கே? ஐசோசயனேட் நஞ்சு, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் இருக்கிறது. ஆனால் தெரிவிப்பதற்கு முதலில் அவர் ஒரு தொழிற்சாலைக்குள் இருக்கவேண்டும். பழைய சட்டப்படி மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் தொழிற்சாலை. புதிய தொகுப்புச் சட்டம் அதை 20 ஆக்கிவிட்டது. எங்கள் வாசலில் நின்றது ஒருத்தர், ஒரு கம்ப்ரசர். ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்ணுக்காவது கதவைத் தட்டிப் பார்க்க ஓர் இயக்ககம், ஓர் ஆய்வாளர், அடையாள அட்டையோடு ஒரு இ.எஸ்.ஐ. மருத்துவமனை காகிதத்திலாவது இருக்கிறது. 0.005 என்ற எண் பாலிஷ்காரருக்குப் பொருந்தவே பொருந்தாது. அவர் நுரையீரல் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது.

உத்திரமேரூர் வட்டத்துக்காரன் கட்டுரை எழுதினால் குடவோலையை இழுக்காமல் விடமாட்டான் என்பார்கள். இழுத்துவிடுகிறேன். பராந்தகன் காலத்துக் கல்வெட்டில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது தேர்தலை. எனக்குப் பிடித்தது வாரியங்கள். ஏரிக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று, பொன்னுக்கு ஒன்று. பொன்னின் மாற்று சரியா என்று பார்ப்பதற்கு ஊரே ஆள் வைத்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சதவீதத்தை அளப்பது பொதுக்காரியம் என்று 1100 வருடத்துக்கு முன் அந்தச் சபைக்குப் புரிந்திருந்தது. (சபையில் உட்கார யாருக்கு உரிமை இருந்தது என்பது வேறு கட்டுரை.)

இந்த இடத்தில் நம் நண்பர்கள் சிலர் இலவம் பஞ்சு மெத்தையோடு வருவார்கள். போடிப் பக்கத்து இலவமரம், தெருவில் வில்லோடு வந்து பஞ்சு அடித்துத் தைத்துக்கொடுத்தவர், தாத்தா வீட்டு மெத்தையின் வாசனை. வருடத்துக்கு இரண்டு இந்த மாதிரிக் கட்டுரை வருகிறது. எனக்கும் அந்த மெத்தை பிடிக்கும். ஆனால் பஞ்சு அடித்தவருக்கு என்ன ஆனது என்று அந்தக் கட்டுரைகளில் இருக்காது. தொழில்நோய்ப் பட்டியலில் ஐசோசயனேட்டோடு கூடவே பிசினோசிஸும் இருக்கிறது: பருத்தித் தூசால் வருகிற நுரையீரல் நோய், மில் தொழிலாளிகளின் நெஞ்சு நோய். மூடிய அறைக்குள் பஞ்சுத் தூசு பறக்க உட்கார்ந்திருந்தவரும் வெல்லம்தான் தின்றார். இயற்கை என்ற சொல்லும் பிளாஸ்டிக் என்ற சொல்லும் இங்கே ஒரே வேலையைச் செய்கின்றன. இரண்டுமே பொருளைப் பார்க்க வைத்து, ஆளை மறைக்கின்றன.

வியாபாரிகளுக்கும் இது புரிந்துவிட்டது. ஆமணக்கு எண்ணெய் இயற்கையாகவே ஒரு பாலியால். அதைப் போட்டு நுரை செய்துவிட்டுத் 'தாவர மெத்தை' என்று விற்கலாம். பொய் இல்லை. உலகிலேயே அதிகம் ஆமணக்கு விளைவது இந்தியாவில்தான், விவசாயிக்கும் நல்லது. ஆனால் மாற்றியது சாதுவான திரவத்தை. ஆபத்தான திரவம் அப்படியே இருக்கிறது. வீகன் லெதரும் இப்படித்தான். மாட்டின் மேல் காட்டிய கருணை நல்லது. அந்தக் கருணையில் கொஞ்சம் பசை தடவுகிறவர் வரைக்கும் நீளட்டும்.

நான் இந்தப் பொருளின் எதிரி இல்லை என்பதற்கு ஆதாரம் தருகிறேன். வெயிலில் போலியோ சொட்டு மருந்தைச் சுமந்து வந்த குளிர்ப்பெட்டியின் சுவருக்குள் இருந்தது பாலியூரித்தேன் நுரை. 2014இல் போலியோ ஒழிந்தது என்று சான்றிதழ் வாங்கியதில் அதற்கும் பங்குண்டு. ஜெய்ப்பூர் செயற்கைக் காலுக்குப் பாலியூரித்தேன் பாதம் ஒன்றை உருவாக்கித் தந்தது இஸ்ரோ. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் கட்டத்தில் ஏறக்குறைய 138 டன் திட எரிபொருள் இருக்கும். அந்தத் தூளையெல்லாம் ரப்பர் மாதிரி ஒன்றாகப் பிடித்து வைப்பது எச்.டி.பி.பி. என்ற பாலியாலும் டி.டி.ஐ.யும் சேர்ந்து உண்டாகும் வலை. ஆம், அதே டி.டி.ஐ. ஸ்ரீஹரிகோட்டாவில் புகை கிளம்பும்போது மொட்டைமாடியில் நின்று கைதட்டுகிற நமக்கு அதில் எரிவதும் மெத்தையில் அமுங்குவதும் ஒரு குடும்பம் என்று தெரிந்தால் பெருமை குறையப்போவதில்லை. அங்கே அதைக் கலப்பவர்கள் எப்படிக் கலக்கவேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கவனத்தில் ஒரு கரண்டி எங்கள் ஊர் பாலிஷ்காரருக்கும் வரவேண்டும் என்பதுதான் கோரிக்கை.

பெயர் சொன்னால் சட்டம் வரும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. கெட்டி நுரையை ஊதுவதற்கு முன்பு சி.எஃப்.சி. வாயு பயன்படுத்தினார்கள். ஓசோன் ஓட்டையாகிறது என்று தெரிந்து 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. அடுத்து எச்.சி.எஃப்.சி.-141பி என்ற மாற்று வந்தது. அதுவும் சரியில்லை என்று 2020 ஜனவரி 1 முதல் இந்தியா அதையும் நிறுத்தியது. வாயில் நுழையாத பெயர், பெரும்பாலானோர் கேள்விப்படாத பெயர், ஆனால் ஒரு பட்டியலில் எழுத்து எழுத்தாக எழுதப்பட்ட பெயர். ஆலைகள் மாறின.

நம் பிளாஸ்டிக் அரசியலில் அந்த மாதிரிப் பட்டியல் இல்லை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021இல் 'மீண்டும் மஞ்சப்பை'. நல்லது, நானும் மஞ்சப்பையோடுதான் கடைக்குப் போகிறேன். ஆனால் கேரிபேக்கைத் துரத்திய உற்சாகத்தில் 20 கிலோ எடையுள்ள ஒரு பிளாஸ்டிக் கட்டி வீட்டு நடுவில் படுத்திருப்பது கண்ணில் படவில்லை. தயாரித்தவரே திரும்ப எடுத்துக்கொள்ளவேண்டும் என்ற ஒன்றிய அரசின் பிளாஸ்டிக் விதிகள் பொட்டலம் கட்டுகிற பிளாஸ்டிக்கைப் பற்றியவை. மெத்தையைச் சுற்றி வருகிற பாலித்தீன் உறைக்குப் பொறுப்பாளி உண்டு, உள்ளே இருக்கிற மெத்தைக்கு இல்லை. பழைய இரும்பு, பேப்பர், பால் கவர் எல்லாம் வாங்குகிறவர் மெத்தையைக் கண்டால் வண்டியை நிறுத்தமாட்டார். வெந்த இட்லி, உருக்க முடியாது. ஆலை வெட்டுத்துண்டுகளைப் பொடியாக்கி மறுபடி பசை போட்டு அமுக்கி, பல நிறத் துணுக்குகளோடு 'ரீபாண்டட்' மெத்தையாக விற்கிறார்கள். பசையில் மறுபடி ஐசோசயனேட். பயன்படுத்தி முடித்த வீட்டு மெத்தை அந்த வழிக்கு வருவது அபூர்வம். அது ஏரிக்கரைக்குப் போகிறது, அங்கே யாராவது கொளுத்துகிறார்கள். எரியும் பாலியூரித்தேன் நுரையிலிருந்து கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். 1979இல் மான்செஸ்டரில் ஒரு கடையின் சோபா நுரை பற்றிக்கொண்டு 10 பேர் செத்தார்கள். பிரிட்டன் 1988இல் வீட்டுச் சாமான்களின் தீப்பாதுகாப்புக்கே சட்டம் போட்டது. நாங்கள் தைப்பூசத்துக்குப் பல ஊர்ச் சாமிகள் இறங்குகிற செய்யாற்று மணலில் மெத்தை எரிவதை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகிறோம்.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிய தத்துவம் இல்லை. ஹார்டனர் டப்பாவில் தமிழில், ஆள்காட்டி விரல் நகம் அளவு எழுத்தில் எச்சரிக்கை வேண்டும். ஒரு சினிமா டிக்கெட் விலை ஏறினால் உத்தரவு போடத் தெரிந்த அரசுக்கு இது முடியாத காரியமில்லை. மெத்தை, சோபா, காலணி மூன்றிலும் பொருளின் பெயரைத் தமிழில் அச்சிடவேண்டும். 'தோல் அல்லாத' என்பது பெயர் இல்லை. மெத்தைக் கம்பெனி பழைய மெத்தையைத் திரும்ப எடுக்கவேண்டும். புதியது கொண்டுவந்து போடுகிற வண்டி காலியாகத்தானே திரும்பிப் போகிறது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயின்டர்களும் பதிவு செய்கிறார்கள். கல்யாண உதவி, படிப்பு உதவி, விபத்து உதவி எல்லாம் அதில் உண்டு. ஸ்பிரே கன் பிடிக்கிறவருக்கு வருடம் ஒருமுறை நுரையீரல் பரிசோதனையையும் சேர்க்கலாம். 2021இலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் எங்கள் தெருவுக்கும் வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பையில் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றுக்கு இடம் இருக்கும். பிளாஸ்டிக் குழாய், ஓரத்தில் ஒரு முள், விலை சில நூறு ரூபாய். வாயில் வைத்து ஒரே மூச்சில் ஊதச் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒருதரம், வேலை முடிந்து வந்த புதன்கிழமை ஒருதரம். இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதி, பக்கத்தில் அவர் என்ன வேலை செய்கிறார் என்பதையும் எழுதிக்கொள்ளவேண்டும்.